அக்கேசியாவோடு ஒரு வளவில் குடியிருப்பது

ஆவணி பிறந்தால் அம்பாறைக் கரையில் எங்கள் ஆலையடிவேம்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கேசியா விதை இப்ப போட்டாச் சரி வருமா?" சரி வரும். ஆடிக் கடைசியில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கரைக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியில் எட்டிப் பார்த்து, கார்த்திகை மார்கழியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்த ஈரத்துக்குள் கன்று நிலத்தில் இறங்கியாக வேண்டும். விதை முளைத்து ஒரு அடி உயரத்துக்கு வர மூன்று, நாலு மாதம் பிடிக்கும். நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் என்று வந்து நிற்கும். பெரும்போகத்துக்கு வட்டைக்குள் விதைப்பு நடக்கிற நேரம் கன்று பைக்குள் தயாராக நிற்க வேண்டும், இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

விதை போடுவது, நடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த மரத்தில் அதெல்லாம் கால்வாசி வேலைதான். மிச்ச முக்கால்வாசி, வளர்ந்த மரத்தை அடக்கி வைத்திருப்பது. அதைச் சொல்லாமல் விதையை மட்டும் ஒருவர் கையில் கொடுப்பது பாவம்.

முதலில் எந்த மரம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் அக்கேசியா என்றால் முள் இல்லாத, அரிவாள் மாதிரி வளைந்த இலையுள்ள, மஞ்சள் பூக்கதிர் விடுகிற மரம். அதன் முழுப் பெயர் அக்கேசியா ஒரிக்கியூலிஃபோர்மிஸ். சொந்த ஊர் வட அவுஸ்திரேலியா, பப்புவா நியூகினி, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள். விறகுக்கும் மரத்துக்கும் என்று வனத் திணைக்களம் உலர் வலயத்தில் நட்டது. அங்கிருந்து பாடசாலை வளவு, தெருவோரம், வீட்டு வேலி என்று வந்து சேர்ந்துவிட்டது. இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், அக்கேசியா மங்கியம். இலை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அவனுக்கு இன்னும் கூடுதலான மழை வேண்டும், எங்கள் கோடையை அவ்வளவாக விரும்பமாட்டான். இந்தப் பதிவு மூத்தவரைப் பற்றியது.

இணையத்தில் தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் அக்கேசியா என்று எழுதுவதில் பாதி, ஆபிரிக்காவின் முள் மரங்களைப் பற்றியது. எங்கள் வெள்வேல், உடைவேல் எல்லாம் அந்தச் சாதி. முன்பு எல்லாமே ஒரே பேரினம். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை அவுஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது. 2011இல் மெல்பேர்ன் மாநாட்டில் அதை உறுதிப்படுத்தினார்கள். ஆபிரிக்க, ஆசிய முள்மரங்கள் வச்செலியா, செனகாலியா என்று பிரிந்துபோயின. ஆபிரிக்காக்காரர்களுக்கு இன்றுவரை அதில் கோபம். எங்களுக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: முள் மரத்துக்குச் சொன்ன பராமரிப்பை இதற்குச் செய்யக்கூடாது.

இனி விதை. காய் முற்றும்போது சுருண்டு முறுகிக் காது மடல் போல ஆகும். உள்ளே கறுப்பு விதை, அதைச் சுற்றி செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நூல். அந்த நூலுக்கு ஆசைப்பட்டுப் பறவைகள் விதையை வெளியூருக்கெல்லாம் கொண்டுபோகும் (பிறகு இந்த விஷயத்துக்குத் திரும்பி வருவேன்). காய் மரத்திலேயே மண்ணிறமாகிறபோது கொக்கத்தடியால் பறித்து, ஒரு சாக்கில் காயப்போட்டு அடித்தால் விதை உதிரும். ஒரு கிலோவில் முப்பதாயிரத்துக்கும் மேல் விதை இருக்கும். வீட்டுக்கு வேண்டியது ஒரு சிட்டிகை.

தோல் கல்லுப் போன்றது. அப்படியே மண்ணுக்குள் போட்டால் வருடக்கணக்கில் தூங்கும். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கோப்பையில் இருக்கும் விதைக்கு மேல் ஊற்றிவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு சேர்த்துக் கொதிக்கவிடக்கூடாது, அது கறிக்குத்தான் சரி. ஊற்றிய தண்ணீர் தானாக ஆறட்டும். ஒரு இரவு ஊறினால் நல்ல விதை பருத்து அடியில் கிடக்கும். மிதப்பதை வீசிவிடலாம்.

பைக்கு மண் என்றால் ஆற்றுமணல் ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. முடிந்தால் ஏற்கனவே நிற்கும் அக்கேசியா மரத்தடியில் ஒரு சிரட்டை மண் அள்ளி அதில் கலந்துகொள்ளுங்கள். இந்த மரத்தின் வேரில் முடிச்சு முடிச்சாக ஒரு பக்டீரியா குடியிருக்கும். காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுப்பது அதுதான். வெறும் கடல்மணலில் கூட இந்த மரம் உரமில்லாமல் எழும்புகிற ரகசியம் அங்கே இருக்கிறது. பழைய மரத்தடி மண்ணில் அந்தப் பக்டீரியா தயாராக இருக்கும், கன்றுக்கு வேலை மிச்சம்.

விதையை ஒரு சென்றிமீற்றருக்கு மேல் ஆழமாகப் போடத் தேவையில்லை. ஒரு கிழமையில், பிந்தினால் இரண்டு கிழமையில் முளைத்துவிடும். முளைத்ததைப் பார்த்து, "இது வேறேதோ செடி" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். முதல் வருகிற இலைகள் தொட்டாச்சுருங்கி இலை மாதிரிச் சிறகு சிறகாக இருக்கும். அதுதான் இந்த மரத்தின் உண்மையான இலை. சில கிழமைகளில் இலைக்காம்பு தட்டையாக அகன்று, சிறகு இலை உதிர்ந்து, காம்பே இலையின் வேலையைப் பார்க்கத் தொடங்கும். பெரிய மரத்தில் நாங்கள் இலை என்று கூட்டி அள்ளுவது எல்லாம் அந்தக் காம்புகளைத்தான். தடித்த தோல், உள்ளே தண்ணீரை விடாத அமைப்பு. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக வீசி மாமரமே வாடி நிற்கும்போது அக்கேசியா பச்சையாக நிற்பது அதனால்தான்.

நடும்போது ஒன்றரை அடிக் குழி போதும். மாரி மண்ணில் நட்டால் முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. பங்குனியிலிருந்து ஆவணி வரைதான் முதல் வருடக் கன்றுக்குச் சோதனை. கிழமைக்கு இரண்டு தரம் ஒரு வாளி தண்ணீர், அடியைச் சுற்றிச் சருகு மூடல், ஆட்டுக்கு எட்டாமல் நாலு கம்பும் வலையும். கறையான் உள்ள நிலமென்றால் சருகைத் தண்டில் முட்டவிடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இரண்டாம் வருடம் தண்ணீர் தேவையே இல்லை. தன் பாட்டில் வளரும். வருடத்துக்கு இரண்டு மீற்றர் சாதாரணம், நல்ல இடத்தில் அதைவிடக் கூடவும் வளரும்.

இனித்தான் முக்கால்வாசி.

அக்கேசியாவைத் தன் பாட்டில் விட்டால் அடியிலிருந்தே இரண்டு, மூன்று தண்டாகப் பிரிந்து, கோணல் மாணலாக, எங்கே வெளிச்சமோ அங்கே சாயும். அப்படிப் பிரிகிற கவட்டில் பிடிமானம் குறைவு. முதல் வருடத்திலேயே நேராக நிற்கிற ஒரு தண்டை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு தரம், கொப்பு பெருவிரல் தடிப்புக்கு வருமுன்னர், கீழ்க்கொப்புகளைக் கழித்துக்கொண்டு வரலாம். தண்டோடு சேர்கிற இடத்தில் சின்ன மேடு மாதிரி ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்தைச் சீவாமல் அதற்கு வெளியே வெட்டினால் காயம் தானாக மூடிக்கொள்ளும். கத்தியால் கொத்திச் சிராய்ப்பதைவிட வாள் நல்லது. வெட்டின இடத்துக்குத் தார், சாணி, பெயின்ற் எதுவும் பூச வேண்டாம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிளையைக் குறைக்கவும் வேண்டாம். மொட்டையடித்தால் அடுத்த மாரியில் புதர் மாதிரிக் கிளைத்து, முன்பைவிடப் பலவீனமான கொப்புகளோடு நிற்கும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காற்று. இந்த மரத்தின் கொப்பு வளைந்து கொடுக்காது, முறியும். வேரும் ஆழமாகப் போவதைவிடப் பக்கவாட்டில் படர்வதே கூட. எங்கள் மணலில் அது போதுமான பிடிப்பல்ல. மழையில் மணல் ஊறி, வாடைக்காற்றும் சேர்ந்தால் முழு மரமும் சரிந்துவிடும். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையை அடித்த சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. வயதில் மூத்தவர்களிடம் மரம் நடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் கேட்பது வீட்டுக்கும் மரத்துக்கும் எவ்வளவு தூரம் என்றுதான். தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்வி அக்கேசியாவுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். முழு வளர்ச்சியில் ஐம்பது அடிக்கு மேல் போகிற மரம் இது. கூரையிலிருந்து நாற்பது அடிக்குள் நடவே வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே நடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏற்கனவே வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டதென்றால், புரட்டாசியில், மழைக்கு முன், உச்சியை ஐதாக்கிவிடுங்கள். காற்று கிளைகளுக்கூடாகப் புகுந்து போகும்படி உள்கொப்புகளை எடுப்பதுதான் நோக்கம். பெரிய மரமென்றால் கயிறு கட்டி ஏறத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். சும்மா ஏணி வைத்து ஏறுகிற வேலை இல்லை.

அடுத்தது சருகு. அக்கேசியா வைத்திருக்கிற வீட்டில் தும்புத்தடிக்கு ஓய்வில்லை. வருடம் முழுக்க உதிரும், கச்சானில் இன்னும் அதிகம். பீலியை அடைக்கும், ஓட்டு இடுக்கில் சேரும், கொட்டுக்கிணற்றுக்குள் விழுந்து தண்ணீரைத் தேயிலைச் சாயமாக்கும். கிணற்றுக்கு வலை போடுங்கள். கோடையில் மரத்தடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகு கிடந்தால், யாரோ எறிந்த ஒரு பீடித்துண்டு போதும்.

சருகு நல்ல உரமாச்சே என்பீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது எங்கள் வேளாண்மைக்காரர்கள் இலை, தழை, சாணி என்று கண்டதையெல்லாம் தேடி அலைந்தார்கள். கிளிரிசீடியா இலையைச் சேற்றுக்குள் மிதித்தவர்கள் பிழைத்தார்கள். அது சில கிழமையில் அழுகும். அக்கேசியாச் சருகைக் கொண்டுபோய் வயலுக்குள் கொட்டினால், அடுத்த போகத்திலும் அதே உருவத்தோடு கிடக்கும். அவ்வளவு தோல் அது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் அந்தப் பாடம் மிச்சமிருக்கிறது. அக்கேசியாச் சருகைக் குழியில் போட்டு, மாட்டெருவும் பச்சைத் தழையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி எடுத்தால் ஒரு வருடத்தில் உரமாகும். அவசரத்துக்கு உதவாது. கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு மேல் மூடலாகப் போட்டால் நல்ல பயன்: மணல் காயாது, புல் முளைக்காது.

புல் முளைக்காது என்பது மரத்தடிக்கும் பொருந்தும். அந்த நிழலில் மரக்கறி வைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மேல்வேர் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். தென்னைக்குப் பக்கத்தில் நட்டாலும் தென்னைக்குத்தான் நட்டம்.

விறகில் மட்டும் இந்த மரத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற மாதங்களில், வளவில் இரண்டு அக்கேசியா நின்ற வீடுகளில் அடுப்பு எரிந்தது. புகை குறைவு, தணல் நிற்கும், ஒரு கிலோ விறகு 4,800 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பம் தரும். கழித்த கொப்புகளை மிலாறு, நடுத்தரம், தடி என்று பிரித்து, மழை படாத இடத்தில் இரண்டு மாதம் காயவைத்தால் அருமையான விறகு. வருடாவருடம் கழிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: மரமும் அடங்கும், அடுப்பும் எரியும்.

மரவேலைக்கு உதவுமா என்பதை அக்கரைப்பற்றில் ஒரு ஓடாவியிடம் கேட்டேன். வயதான காக்கா, கையில் அக்கேசியாப் பலகை ஒன்றைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல மரந்தான் மனே. உள் வைரம் தேக்கு நிறத்துல கிடக்கும், பொலிஷ் புடிக்கும். ஆனா வெட்டின கையோட அறுத்து, அறுத்த கையோட கதவு செய்யச் சொல்லுறாங்க. மறுகா வெடிச்சுப் போனா என்னைய ஏசுறாங்க." அறுத்த பலகைக்கு நடுவே சின்னக் கட்டைகளை வைத்து அடுக்கி, நிழலில், காற்றோட்டத்தில் மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும் என்றார். கோணலாக வளர்ந்த, முடிச்சு நிறைந்த மரத்தில் நல்ல பலகை எடுக்க முடியாது என்றும் சொன்னார். முதல் வருடத்தில் தண்டை ஒன்றாக்காதவர்களுக்கு அந்த விலை கிடைக்காது. விறகுக்கென்றால் நாலைந்து வருடத்தில் வெட்டலாம். பலகைக்கென்றால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பொறுக்க வேண்டும்.

வெட்டும்போது ஒரு விஷயம். திரும்பத் துளிர்க்க வேண்டுமென்றால் அடியோடு வெட்டாதீர்கள். அக்கேசியாவின் அடிக்கட்டை துளிர்ப்பதில் மந்தம். இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் கட்டையை விட்டால் துளிர்க்கிற வாய்ப்பு கூடும். துளிர்க்கவே கூடாது என்பவர்கள் நிலத்தோடு வெட்டிவிடலாம். எங்கள் நாட்டில் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அக்கேசியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் மரத்தை லொறியில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுபோகுமுன் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் மறித்தால் கையில் துண்டு இருக்க வேண்டும்.

இனி, பறவை கொண்டுபோன விதை. முதிர்ந்த மரத்தைச் சுற்றி ஒவ்வொரு மாரியிலும் கன்றுகள் தானாக முளைக்கும். வளவுக்குள் முளைத்ததைப் பிடுங்கலாம். வேலிக்கு வெளியே, தில்லையாற்றுக் கரையில், குளக்கட்டில் முளைத்ததை யார் பிடுங்குவார்? நெருப்பு வைத்தால் அழியாது, சூடு பட்ட விதை இன்னும் நன்றாக முளைக்கும் (கொதிநீர் ஊற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள்). கேரளத்தில் 1980களில் உலக வங்கிக் கடனோடு சமூகக் காடு வளர்ப்பு என்று இதே மரத்தைத் தெருவெல்லாம் நட்டார்கள். பிறகு கிணறு வற்றுகிறது, மூச்சுத் தொல்லை வருகிறது என்று சனங்களே வெட்டச் சொல்லிப் போராடினார்கள். நீலகிரியில் தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்ட இதன் உறவுக்கார மரம், வாட்டில், சோலைப் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. இன்று அதை அகற்ற அரசு செலவு செய்கிறது. எங்கள் நுவரெலியாப் பக்கத்திலும் அதே வாட்டில் நிற்கிறது. அதனால்தான் காய் முற்றுமுன் கொப்புக் கழிக்கச் சொல்கிறேன். குறைந்தது வேலியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கொப்புகளையாவது கழியுங்கள்.

அப்படியானால் நடலாமா, கூடாதா?

கோளாவில், சாகாமம் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மேட்டுநிலம் வைத்திருப்பவர்கள் எல்லையோரமாக ஒரு வரிசை நடுங்கள். பத்தடிக்கு ஒன்று. நிலம் வளப்படும், விறகு கிடைக்கும், பதினைந்து வருடத்தில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நிலை, கதவு வரும். தேனீப் பெட்டி வைக்கிறவர்களுக்கும் நல்லது. இந்த மரத்தின் காம்படியில் தேன் சுரக்கிற புள்ளிகள் இருக்கின்றன, பூ இல்லாத காலத்திலும் பூச்சி வரும். முசுறும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கரையோரத்தில் பத்து, பதினைந்து பேர்ச் வளவில், கிணறும் மலகூடக் குழியும் பக்கத்து வீட்டுச் சுவரும் முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் வளவு அவ்வளவுதான். "சட்டென்று நிழல் வரும்" என்று அங்கே அக்கேசியா நட்டவர்களை எனக்குத் தெரியும். ஆறாம், ஏழாம் வருடம் அவர்கள் மரம் வெட்ட ஆள் தேடுகிறார்கள். அந்த வளவுக்கு வேம்பு போதும், பூவரசு போதும். ஐந்து வருடம் பிந்தி நிழல் தரும், ஐம்பது வருடம் நின்று தரும். ஈரமான தாழ்ந்த இடமென்றால் மருதை, கொஞ்சம் பெரிய வளவென்றால் நாவல்.

ஏற்கனவே அக்கேசியா வைத்திருப்பவர்கள் இந்தப் புரட்டாசிக்குள் மூன்று வேலை செய்துவிடுங்கள்: கூரைக்கு மேல் வந்த கொப்பை இறக்குங்கள், பீலியைச் சுத்தம் செய்யுங்கள், கிணற்றுக்கு வலை போடுங்கள். மழை தொடங்கிய பிறகு மரத்தில் ஏற யாரும் வரமாட்டார்கள்.